இரண்டு ஈயம்

எங்கள் வீட்டில் பாத்திரம் வாங்குவது என் கணவர். அதைப் பழக்குவது நான். கல்யாணமான புதிதில் இப்படி இல்லை. மகள் பிறந்த பிறகுதான் அவருக்கு இந்த ஞானம் வந்தது. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் போகும் நேரமெல்லாம் போனில் வீடியோ பார்ப்பார். ஒருவர் நான்-ஸ்டிக் விஷம் என்பார், இன்னொருவர் அலுமினியம் விஷம் என்பார். சாயங்காலம் அவர் வீடு திரும்பியதும் என் அடுப்படியில் ஒரு பாத்திரம் குறையும். ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்காரும்.

வந்து உட்கார்ந்தால் போதுமா? இரும்புக் கடாயைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விட்டு, கழுவி, ஈரம் போகத் துடைத்து, நல்லெண்ணெய் தடவி வைக்க வேண்டும். ஒருநாள் மறந்தால் துரு. மண்சட்டியை ஊற வைத்து வெயிலில் காய வைத்து மறுபடி ஊற வைக்க வேண்டும். தோசைக்கல்லோ தனி ராஜ்யம். வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி எண்ணெயில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து, ஒரு வாரம் கிழிந்த தோசையைத் தின்று, ஒருவழியாக அது வழிக்கு வந்திருக்கும். வேலைக்கு வரும் அக்கா அன்றைக்கென்று பார்த்து சோப்புப் போட்டுப் பளபளவென்று கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருப்பார். மறுபடியும் வெங்காயம். என் கணவருக்கு இது எதுவும் தெரியாது. "இரும்புல பண்ணா டேஸ்ட்டே தனி இல்ல?" என்பார். ஆமாம், தனிதான்.

அந்த அடுப்படியில் நானாகத் தேர்ந்தெடுத்தது என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது: ரசம் வைக்கும் ஈயச்சொம்பு. கல்யாணத்துக்கு முன் அம்மாவும் நானும் மேற்குத் தாம்பரம் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் வாங்கியது. எத்தனையோ சொம்புகளைத் தூக்கிப் பார்த்து, குட்டையாக, வாய் கொஞ்சம் விரிந்து, கையில் கனமாக நின்ற ஒன்றை எடுத்தேன். கடைக்காரர் அதே ஈயத்தில் வார்த்த ஒரு குச்சியை அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெல்ல வளைத்தார். "நெஜ ஈயம்னா வளைக்கும்போது மொனகும்மா. கலப்படம்னா சத்தமே வராது. கேக்குதா?" என்றார். அம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். நாங்கள் வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஈயச்சொம்பை வைத்துக்கொள்வதற்கு ஒரு பயம் வேண்டும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால் உருகி பர்னரில் வழிந்திருக்கும். முதலில் புளித்தண்ணீர், அப்புறம்தான் அடுப்பு. அதுவும் சின்னத் தீ. கம்பிநார் ஆகாது, தேங்காய் நாரால் தடவிக் கொடுக்க வேண்டும். சுற்றியிருந்த இரும்பையும் மண்ணையும் திட்டிக்கொண்டே பழக்கிய நான் இதை மட்டும் ஆசையாகப் பார்த்துக்கொண்டேன். அதில் நுரை கட்டி வரும் ரசத்தின் மணம் மாடிப்படி வரைக்கும் போகும்.

என் மகள் பால் மறந்ததும் பிடித்துக்கொண்டது அந்த ரசத்தைத்தான். சோற்றைக் குழைத்து, மேலே சுடச்சுட ரசத்தை ஊற்றி, ஆறும் வரை மசித்து ஊட்டுவேன். அவளுடைய முதல் பிறந்தநாளுக்குக் கோவளம் போய்விட்டுத் திரும்பும்போது, சாலையோரக் கடை ஒன்றில் என் கணவர் ஒரு வெண்கலக் கிண்ணம் வாங்கினார். கடைக்காரரே அதன் வெளிப்பக்கத்தில் மெஷினால் அவள் பெயரைச் சுழித்துச் சுழித்து வெட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து அது அவளுடைய கிண்ணம். வேறு எதில் போட்டுக் கொடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டாள்.

இரண்டாவது பிறந்தநாள் நெருங்கும்போது குழந்தை வாடிப்போயிருந்தாள். எடை ஏறவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள், சுவர்ச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டி நக்குவாள். ரத்தசோகையாக இருக்கும் என்று மருத்துவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்த அன்று நாங்கள் இருவரும் உள்ளே போய் உட்கார்ந்தோம்.

"ரத்தத்துல லெட் இருக்கு. இருக்க வேண்டியதுக்கு மேல இருக்கு" என்றார் அந்த டாக்டர் அம்மா. "பழைய பெயின்ட், பொம்மை, கண்மை, பாத்திரம்... எதுலேர்ந்து வேணா வரலாம். எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்துங்க. அதை நிறுத்தாம நான் மருந்து குடுத்துப் பிரயோஜனம் இல்ல. இந்த வயசுல மூளை வளர்ற நேரம்மா. அடுத்த மாசம் திரும்ப பாப்போம்."

மூளை என்ற சொல்லைத் தாண்டி எதுவும் என் மனதில் தங்கவில்லை. வெளியே வந்து மருந்துக் கவுன்டர் பக்கத்தில் நின்றோம். என் கணவர் போனில் எதையோ தட்டினார். தட்டிவிட்டு அப்படியே நின்றார். பிறகு போனை என் பக்கம் திருப்பினார். லெட் என்பதற்குத் தமிழ் என்னவென்று தேடியிருக்கிறார். திரையில் பெரிய எழுத்தில் ஒற்றைச் சொல் இருந்தது.

"ஈயம்" என்றார். "உன் சொம்பு."

"இல்லங்க, அது வேற ஈயம். லெட்னா காரீயம். சொம்பு பண்றது வெள்ளீயம், டின்னு. நான் தமிழ் மீடியத்துல படிச்சிருக்கேன், எனக்குத் தெரியும்."

"வெள்ளீயம்னு சொம்புல எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. பாடப் புத்தகத்தில்தான் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். கடைத்தெருவில் இரண்டுமே ஈயம்தான். ஒன்றில் இன்னொன்றைக் கலந்து விற்றாலும் பெயர் மாறாது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். தினமும் இரண்டு வேளை அந்த ரசத்தை ஊட்டியது என் கைதான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொம்பைச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டார். குப்பையில்தான் போடப் போனார். நான் குறுக்கே நின்றேன். அவர் மாடிக்குத் துணி எடுக்கப் போன நேரம் அம்மாவுக்கு போன் செய்தேன்.

"அம்மா, அன்னிக்கு அந்தக் குச்சிய வளைச்சாரே, சத்தம் கேட்டுச்சா?"

"எந்தக் குச்சி?"

"சொம்பு வாங்கினப்போ."

"அதுவா? வாசல்ல பஸ்ஸு ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சுடி. என்னத்த கேக்கறது? அவரு அவ்வளவு மெனக்கெட்டுக் காட்டறாரேன்னு தலையாட்டிட்டேன். ஏன், இப்ப எதுக்கு அது?"

நான் ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். அம்மாவைத் திட்ட முடியாது. ஆனால் அந்தத் தலையாட்டலை மறக்கவும் முடியவில்லை.

அடுத்த நாள் அவர் ஆபீஸ் போனதும் பரணிலிருந்து சொம்பை இறக்கினேன். மின்விசிறியை நிறுத்தினேன், ஃப்ரிட்ஜை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். சொம்பின் விளிம்பைக் காதோடு ஒட்டி வைத்து, கட்டைவிரலால் அழுத்தி வளைத்தேன். ஏதோ நறநறவென்று கேட்டது போலிருந்தது. அது ஈயத்தின் முனகலா, என் பல்லா, தெரியவில்லை. இன்னொரு முறை அழுத்தப் போனேன். தலைக்கு மேல் விமானம் ஒன்று தாழப் பறந்து போயிற்று, எங்கள் பக்கத்து விமானங்களுக்கு நேரம் காலமே கிடையாது. அது போய் முடியும் வரை நான் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். சொம்பின் வாய் ஒரு பக்கம் கோணலாகிவிட்டது. மறுபடி சுற்றி மேலே வைத்தேன்.

அந்த மாதம் முழுக்க வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. அவர் சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்தார், பொம்மைகளை மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டார், கண்மையைத் தூக்கி எறிந்தார். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு, உண்மையான குற்றவாளி பரணில் இருக்கிறது என்பது போல ஒரு பார்வை பார்ப்பார். நான் எவர்சில்வர் பாத்திரத்தில் ரசம் வைத்தேன். குழந்தை முதலில் முகத்தைத் திருப்பினாள், பிறகு பசிக்குச் சாப்பிட்டாள். சாப்பிடும்போதெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்கிறாளா, கூப்பிட்டால் திரும்புகிறாளா, காக்காவைக் காட்டினால் கை நீட்டுகிறாளா என்று ஓயாமல் சோதித்தேன். ஒரு சொல்லை அவள் தப்பாகச் சொன்னால் சரியாக வரும் வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பேன். அந்த வயதுக் குழந்தைகள் எல்லாமே தப்பாகத்தான் சொல்லும் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் விடவில்லை.

இரண்டாவது பரிசோதனையில் அளவு இறங்கவில்லை. ஏறியிருந்தது.

வீடு திரும்பினோம். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, படியில் ஏறும்போது, முன்னால் போய்க்கொண்டே அவர் கேட்டார்.

"எனக்குத் தெரியாம அதுலதான் வெச்சுக் குடுக்கறியா?"

என் காதை நான் நம்பவில்லை. "என்ன சொன்னீங்க?"

"பரண்ல அது வெச்ச மாதிரி இல்ல. பேப்பர் வேற மாதிரி சுத்தியிருக்கு. வாயி வேற கோணலா இருக்கு. நீ எறக்கியிருக்க."

"எறக்கினேன். சத்தம் கேக்கறதுக்கு எறக்கினேன்."

"சத்தமா?"

ஈயம் முனகும் என்பதை அந்தப் படிக்கட்டில் நின்று எப்படி விளக்குவது? சொல்ல ஆரம்பித்தேன். எனக்கே அது பைத்தியக்காரி பேச்சு மாதிரி இருந்தது. எதிர்வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்தது, பிறகு மூடியது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது. பெற்ற பிள்ளைக்கே விஷம் வைப்பவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். அந்தப் பார்வையை மன்னிக்கக் கூடாது என்று அந்தப் படியில் நின்றே முடிவு செய்தேன்.

மறுநாள் காலை சொம்பைப் பையில் போட்டேன். குழந்தைக்குச் சோறு மசித்து ஒரு டப்பாவில் அடைத்தேன், அவள் கிண்ணத்தையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டேன். மேற்குத் தாம்பரத்தில் நகைக்கடைகள் இருக்கும் தெருவில், தங்கத்தின் தரம் பார்த்துச் சொல்லும் சின்னக் கடை ஒன்று உண்டு. என் வளையலை மாற்றும்போது ஒருமுறை போயிருக்கிறேன். பெட்டி மாதிரி ஒரு மெஷின். உள்ளே நகையை வைத்து மூடினால் அதில் என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று திரையில் காட்டும். தங்கத்தைச் சொல்லும் மெஷின் ஈயத்தைச் சொல்லாதா என்பதுதான் என் நம்பிக்கை.

மெஷின் பார்க்கும் ஆள் சொம்பை வெளியே எடுத்ததும் சிரித்துவிட்டார்.

"இன்னாக்கா இது, ரசம் வெக்கற சொம்ப எட்னு வந்துகீறீங்க? நம்ம மிஷின்ல தங்கம், வெள்ளிதான்கா."

"லெட் இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. குழந்தைக்கு உடம்பு சரியில்ல."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். சொம்பு உள்ளே போகுமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, படுக்க வைத்து, மூடியைச் சாத்தினார். முன்னால் வந்திருந்த இரண்டு பேர் கையில் சங்கிலியோடு என்னை வேடிக்கை பார்த்தார்கள். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. நான் திரையைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய சாமி படத்தையும் பார்க்காமல், என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சொம்புதான் என்று வந்தால் வீட்டுக்குப் போவதில்லை என்ற அளவுக்கு யோசனை போயிருந்தது. எங்கே போவேன் என்று யோசிக்கவில்லை.

"டின்னுதான்கா" என்றார் அவர். "சுத்தமான டின்னு. லெட் கோடே வர்ல, பாருங்க."

பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த குறியீடுகள் வரிசையாக இருந்தன. வெள்ளீயத்துக்கு நேராக மட்டும் எண் ஏறி நின்றது. காரீயத்துக்கு நேராக ஒன்றுமில்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை, வெறி. என் கணவர் முகத்துக்கு நேரே இந்தச் சொம்பை வைத்து என்னென்ன கேட்க வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாக மனதில் கட்ட ஆரம்பித்தேன். அந்தப் படிக்கட்டுப் பார்வைக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மகள் பையைக் குடைந்து கிண்ணத்தை வெளியே இழுத்தாள். அது அவள் கையிலிருந்து நழுவி மொசைக் தரையில் விழுந்தது.

டொக் என்று விழுந்தது. அவ்வளவுதான்.

ஒரு மாதமாக எதையெதையோ காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். வெண்கலம் விழுந்தால் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் அம்மா வீட்டில் வெண்கலப் பானையில் கரண்டி பட்டாலே அடுத்த அறை வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும் அந்த நாதம். இது மரக்கட்டை மாதிரி விழுந்து கிடந்தது. குனிந்து எடுத்தேன். உள்பக்கம், ரசம் நிற்கும் இடம் வரைக்கும், ஒரு மங்கிய வளையம் இருந்தது. தினமும் நானே தேய்த்துக் கழுவிய கிண்ணம். ஒருநாளும் அதை நான் பார்த்ததில்லை.

"இதையும் பாத்துடுங்க" என்றேன்.

கிண்ணத்தை உள்ளே வைத்ததும், மெஷின் எந்த இடத்தைப் பார்க்கிறது என்பது திரையின் ஓரத்தில் பெரிதாகத் தெரிந்தது. வெட்டிய எழுத்தின் ஒரு வளைவு. என் மகள் பெயரின் முதல் எழுத்து.

"இது வெங்கலமாக்கா? டின்னு பேருக்குத்தான் கீது" என்றார் அவர். எண்கள் நின்ற பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "லெட் கீதுக்கா. நல்லாவே கீது."

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. வெள்ளீயம் விலை அதிகம் என்று யாரோ காரீயத்தைக் கொட்டி உருக்கியிருக்கிறார்கள். அதுவும் ஈயம்தானே, பெயர் ஒன்றுதானே.

சாயங்காலம் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. கட்டி வைத்த வாக்கியங்களும் இருந்தன. கிண்ணத்தைச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்தேன். சொம்பைக் கழுவி அடுப்பு மேடையில், அவர் கண்ணில் படும் இடத்தில் வைத்தேன். கிண்ணம் எங்கே என்று குழந்தை அழ ஆரம்பித்திருந்தாள். மதியம் சாப்பிடவில்லை.

அவர் வந்ததும் சொம்பைத்தான் பார்த்தார். முகம் சிவந்தது. வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். மெஷினில் வைத்ததை, சொம்பில் ஒன்றுமில்லை என்பதை, கிண்ணத்தில் இருப்பதை, அது இப்போது பரணில் கிடப்பதை. கோர்வையாகத்தான் சொன்னேன். அவர் ஷூவைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வாங்கினது" என்றார். பிறகு, "பேரு வெட்டி வாங்கினேன்" என்றார்.

இதுதான் நான் காத்திருந்த நேரம். ஆனால் காலையிலிருந்து என் மனதில் இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. வெறும் சோறு அந்தக் கிண்ணத்தை ஒன்றும் செய்திருக்காது. அதற்குள் இருந்ததைக் கரைத்து வெளியே கொண்டுவந்தது புளி. சுடச்சுட ஊற்றிய புளி ரசம். ஆறும் வரை அதிலேயே வைத்து மசித்தது யார்?

"கிண்ணம் நீங்க வாங்கினது. ரசம் நான் ஊத்தினது" என்றேன். கட்டி வைத்த மற்ற வாக்கியங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. நானும் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

பிறகு எடுத்த பரிசோதனைகளில் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. இப்போது அவள் வாய் ஓயாமல் பேசுகிறாள், அடம் பிடிக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. போனது போனதுதானா, திரும்புமா என்று தெரியாமல் இரண்டு பேரும் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் எவர்சில்வர் கிண்ணத்தில் ரசம் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"லெட்டுக்குத் தமிழ்ல என்ன சொன்ன அன்னிக்கு?" என்று கேட்டார் அவர்.

"காரீயம்."

"காரீயம்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மறுபடியும் சொன்னார். பிறகு பரணைப் பார்த்தார்.

அவர் பார்த்த பக்கம் குழந்தையும் பார்த்தாள். ஒரு மாதமாக அவள் வாயிலிருந்து ஒரு புதுச் சொல் வராதா என்று நான் தவம் கிடந்திருக்கிறேன். கிண்ணம் கேட்டு அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்தினாள். அப்பாவின் மடியில் ஏறி நின்று, பரணை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள்.

"காயியம்" என்றாள். "பாப்பாக்கு காயியம் வேணும்."